அத்தை பார்த்த தனுஷ்கோடி

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை இரவு சம்பளப் பட்டுவாடா முடிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. எங்கள் வீட்டுக்காரர் பவர் டேபிள் காண்டிராக்ட் எடுத்து நடத்துகிறவர். எல்லாருக்கும் கணக்குத் தீர்த்து அவர் வீடு வந்தபோது மணி ஒன்பதரை. வாசலில் வேன் நின்றது. புளிசாதம் இரண்டு தூக்கு, பொடி தடவிய இட்லி ஐம்பது, எல்லாம் ஏறியாகிவிட்டது.

"திங்கட்கிழமை கட்டிங் பீஸ் வருது. எட்டு மணிக்கு நான் கம்பெனியில் இருக்கோணும்" என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னார். ராமேசுவரத்தை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிடலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. காசிக்குப் போய் வந்தவர். ராமேசுவரமும் போனால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்று யார் சொன்னாலும், "வேண்டாங்கண்ணு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இந்த வருஷம் அவராகவே, "போலாம். ஆனா தனுஷ்கோடியும் பாக்கோணும்" என்றார். காரணம் கேட்டேன், வெற்றிலையை மடித்துக் கொண்டிருந்தார், பதில் இல்லை.

பொழுது விடியும்போது பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் இருந்தோம். இந்தப் பாலம் 1988-இல் வந்தது. பக்கத்திலேயே 1914-ஆம் வருஷத்து ரயில் பாலம். அதற்கும் பக்கத்தில் 2025-இல் திறந்த புதிய பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புமாம். குழந்தைகள் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கோயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்தோம். போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: சீக்கிரம் உலரும் புடவையாகக் கட்டிக் கொள்ளுங்கள். பட்டு வேண்டவே வேண்டாம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைத்தெருவில் ஒரு பனியனைக் கண்டதும் எங்கள் வீட்டுக்காரர் அதை உள்பக்கம் திருப்பித் தையலை ஆராய ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் பயந்தே போனார்.

பிறகு தனுஷ்கோடி. 2017-இலிருந்து அரிச்சல்முனை வரையில் தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல். அமைதியாகக் கிடக்கிற பாக் நீரிணையைப் பெண் கடல் என்கிறார்கள். அலை வீசுகிற மன்னார் வளைகுடா ஆண் கடலாம். (பெயர் வைத்தவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது!)

இடிந்த மாதா கோயிலும் ரயில் நிலையத்துச் சுவர்களும் மணலில் நின்றன. அத்தை வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அங்கேதான் வாய் திறந்தார்.

"எங்கண்ணன் கொழும்புல ஒரு கடையில இருந்துச்சு. லீவு முடிஞ்சு கெளம்புச்சு. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு."

அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து அன்றிரவு 11.55-க்குக் கிளம்பிய பாசஞ்சர் வண்டியைப் புயல் அலை கவிழ்த்தது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அண்ணன் போக வேண்டிய வண்டி அது.

"ரேடியோவுல சொன்னாங்க. அப்பன் பேச்சு மூச்சில்லாம திண்ணையில உக்காந்துட்டாரு. அண்ணிக்கு மூணு மாசக் கைக்குழந்தை. தலையில பூ வைக்கறதா வேண்டாமான்னு தெரியாம ஆறு நாள் இருந்தாங்க. கேக்கறதுக்கும் யாருக்கும் தைரியமில்ல."

ஏழாம் நாள் அண்ணனே வாசலில் வந்து நின்றாராம். மதுரையில் இறங்கிச் சிநேகிதனோடு சினிமாவுக்குப் போய், வண்டியைத் தவறவிட்டிருக்கிறார். "எங்கயும் எறங்காம நேராப் போகோணும்" என்று அப்பா சொல்லி அனுப்பியதை மீறிவிட்டோமே என்ற பயத்தில், காகிதம்கூடப் போடாமல் இருந்திருக்கிறார்! அப்பா எழுந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார்; அப்புறம் கட்டிக் கொண்டு அழுதார். கப்பல் பின்னால் ராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980-களின் யுத்தத்தில் அதுவும் நின்றது. அண்ணன் மட்டும் கொழும்புக்குத் திரும்பவே இல்லை. உள்ளூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, பேரன் பேத்தி எடுத்து, போன தை மாதம் காலமானார்.

"அது இருந்த வரைக்கும் இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லும்" என்றார் அத்தை.

சுருக்குப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மல்லிகைப் பூ. ராத்திரியெல்லாம் வேனில் வாசனை வந்தது இதிலிருந்துதானா! மெல்ல நடந்து போய் ஆண் கடலில் விட்டார்.

"அண்ணனுக்கா, அப்பத்தா?" என்றாள் என் பெண்.

"இல்ல சாமி. அந்த வண்டியில ஏறுனவங்களுக்கு."

பொழுது சாய்வதற்குள் திரும்பச் சொல்லிப் போலீஸ்காரர் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்காரர் அவரிடம் போய், "அஞ்சு நிமிஷம் இருக்கட்டுங்க" என்று கேட்டுக் கொண்டதை நான் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மதுரை தாண்டியதும் அத்தை கண் விழித்து, "இட்லி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார். நாலு இருந்தது. நாலையும் சாப்பிட்டார்.