மறதி நோயும் கலர் பென்சிலும்

மறதி நோய் வந்த பெரியவர்களுக்குப் படம் வரைதல், பாட்டு, கைவேலை எல்லாம் நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சரிதான். உடனே நம் பிள்ளைகள் கடைக்குப் போய், வாத்தும் யானையும் போட்ட குழந்தைகள் புத்தகத்தையும் கலர் பென்சிலையும் வாங்கி வந்து தாத்தா முன் வைக்கிறார்கள். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்து, மயில்கழுத்து உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று பார்த்தவர் அவர். வாத்துக்கு மஞ்சள் அடி என்றால் கோபம் வராதா?

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. டிமென்ஷியா என்கிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த நாளில் 'தெமான்ஸ்' என்றால் பைத்தியம். அதனாலேயே அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது.

நேற்று நடந்தது மறந்துவிடும், பெயர்கள் மறந்துவிடும். கை பழகிய வேலை மட்டும் நெடுநாள் நிற்கும். மூளையில் அதற்கு இடமே வேறு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்பவர். போன மார்கழியில் மருமகள் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். ஏழு புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் இழுத்து முடித்தார். இரண்டு இடத்தில் கோணல், அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க யாரையும் திட்டவில்லையாம்.

இதனால் நோய் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் வாழ்ந்த வில்லியம் உட்டர்மோலன் என்ற ஓவியர், 1995இல் நோய் தெரிந்த பிறகும் 2000 வரை தன் முகத்தைத் தானே வரைந்தார். படத்துக்குப் படம் அந்த முகம் கலைந்துகொண்டே போகிறது. கலையால் குணமாக்குகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொஞ்சம் அமைதி, நாலு வார்த்தைப் பேச்சு, இதுதான் கிடைக்கும். அது குறைவா?

நெசவுக்காரர் வீட்டில் இதற்குச் செலவே இல்லை. பழைய முந்தித் துண்டுகளை மடியில் போட்டு, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ராட்டையில் தார் சுற்றச் சொல்லுங்கள், அரை மணி போதும். அரக்கைப் பச்சை என்றால் திருத்தாதீர்கள். ஆனால் கழிவு நூலாகக் கொடுங்கள். நல்ல பட்டுக்கு முதலாளியிடம் கணக்குச் சொல்ல வேண்டும். சிக்கு விழுந்தால் அவர் தூங்கிய பிறகு பிரித்துக்கொள்ளலாம்.