உறக்கமும் ஓர் இடுபொருளே

வள்ளியூர் வட்டாரத்தில் வாழைக்கும் நெல்லுக்கும் கிணற்று நீர் பாய்ச்சும் சம்சாரிக்கு இரவு முழுவதும் ஓய்வு கிடைப்பதில்லை. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த ஆண்டுகளில் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போட்டுப் பழகியவர்கள் பலர். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குக் காவலாக விழித்திருப்பவர்களும் உண்டு. விதை, உரம், மருந்து ஆகியவற்றின் செலவைக் கணக்கு வைக்கும் விவசாயி, இழந்த உறக்கத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அந்தக் கடனை உடல் வட்டியோடு வசூலித்துவிடும்.

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையை மூடிக் காலையில் விரிப்பதை யாவரும் அறிவர். இப்படி இலை மூடும் செடி ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் படாதபோதும் அது வேளை தவறாமல் இலையை விரித்தது. 1729-ல் வெளியான இந்தச் செய்தி, உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதற்குத் தொடக்கச் சான்றாயிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிடமும், பகல் வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத அறையில் தங்கிய மனிதரிடமும் இதனை ஆராய்ந்தனர். இக்கடிகாரம் மரபணுக்களால் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

"சம்சாரிக்கு ராத்திரி ஏது, பகல் ஏது?" என்று பெருமையாகப் பேசுவதுண்டு. ஆனால் மின்சாரம் வரும் நேரத்துக்கு ஏற்ப இந்த உடற்கடிகாரம் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. பின்னிரவு 3 மணி முதல் 5 மணி வரை உடல் வெப்பம் குறைந்து, கவனமும் மங்கிவிடும். வரப்பில் கட்டுவிரியன் கிடந்தாலும் கண்ணில் படாமல் போகும் நேரம் அது.

உறக்கமும் ஒரே சீரானதன்று. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். இரவில் இத்தகைய சுற்றுகள் நான்கைந்து வரும். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் சுற்றுகளிலும், கனவு உறக்கம் விடியலை ஒட்டியும் மிகுதி. ஆழ்ந்த உறக்கத்தில் எழுப்பப்பட்டவர் கண் திறந்திருந்தாலும், அறிவு முழுவதும் விழித்துக்கொள்ளச் சில நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை பிடிக்கும். அந்த நிலையில் ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

ஆகவே விவசாயிகள் சில முறைகளைக் கடைப்பிடிப்பது நல்லது. எழுந்ததும் முகம் கழுவிச் சற்று உட்கார்ந்து, தெளிவு வந்தபின், கையை நன்கு துடைத்துக்கொண்டு மோட்டார் அருகே செல்ல வேண்டும். காவலுக்கு ஒருவரே இரவு முழுவதும் விழிக்காமல், இருவர் முன்னிரவு, பின்னிரவு எனப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் நாலைந்து மணி நேரமாவது தொடர்ச்சியான உறக்கம் கிடைக்கும். ஆள் இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரோடு கூட்டுச் சேரலாம். இரவு விழித்த மறுநாள் தென்னை, பனை ஏறுவது, மருந்து தெளிப்பது, டிராக்டர் ஓட்டுவது ஆகியவற்றைத் தள்ளிப்போட வேண்டும். விடியுமுன் எழுந்து பால் கறக்கும் வீட்டுப் பெண்களின் உறக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் தற்காப்பு மட்டுமே. பகலில் தண்ணீர் பாய்ச்ச வழி செய்வதே சரியான தீர்வு. சூரிய சக்தி பம்புசெட்டுக்கும், கைப்பேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவிக்கும் உள்ள மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். மின்சாரத்தில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்கும் விவசாய சங்கங்கள், எந்த நேரம் என்றும் கேட்க வேண்டும். பயிருக்கு இரவிலும் நீர் பாய்ச்சலாம். பயிரிடுகிறவனின் உறக்கத்தைப் பகலுக்கு மாற்றிவிட முடியாது.