கோல் பிடிக்கும் கை எவர் கை?

அட்டன் நகரில் வழக்கறிஞர் தொழில் நடத்தும் என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் வந்தான். தோட்டத்து லயத்திலே பிறந்தவன். மலையகக் கழகமொன்றில் ஏவல் வேலை பார்த்தவன். அவன் கையிலே பணிநீக்கக் கடிதம் இருந்தது. குற்றம் யாது? திருடினானா? இல்லை. குடித்துக் கலகம் விளைத்தானா? அதுவும் இல்லை. அங்கத்தவர்கள் உறங்கச் சென்ற பின்னர், பகலெல்லாம் தானே தூசு தட்டிய ஸ்னூக்கர் மேசையில், நள்ளிரவிலே தனியனாக நின்று விளையாடினான். அதுவே குற்றம்!

தொழில் நியாய சபையில் வாதாடினேன், நட்டஈடு கிடைத்தது. ஆனால், விடைபெறும்போது அவன் கேட்டான்: “ஐயா, நான் ஒரே மூச்சில் எத்தனை பந்து போட்டேன் என்று யாருமே கேட்கவில்லையே?” வழக்கேட்டில் இடம்பெறாத அந்தக் கேள்விதான் இன்று என்னை எழுதத் தூண்டுகிறது.

இலங்கைக்கு முதன்முதல் உலகப் பட்டம் தேடித் தந்த வீரர் யார்? கிரிக்கெட் வீரர் அல்லர். ஓட்ட வீரரும் அல்லர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் பெற்றது வெள்ளிப் பதக்கம். உலக வாகையர் என்னும் பெயரை முதலில் சூடியவர் எம். ஜே. எம். லாபிர். 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் அவர் வென்றார். பில்லியர்ட்ஸ் மூன்று பந்துகளின் ஆட்டம். ஸ்னூக்கர் அதே பச்சைத் துணி மேசையில் பிறந்த அதன் தம்பி. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் லாபிரின் பெயரை அறிவார்கள்? பாடநூலைப் புரட்டிப் பயிலும் மாணவனைக் கேளுங்கள், பதில் வராது.

அந்த 1973ஆம் ஆண்டை மலையகம் வேறு காரணத்தால் மறவாது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பஞ்சம் தோட்டங்களைச் சூறையாடியது. மாவுக்கும் அரிசிக்கும் மக்கள் தவித்தனர், பட்டினியால் மாண்டனர். பம்பாயில் நாட்டின் பெயர் முழங்கிய காலத்தில், அந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மக்கள் நாடற்றவர்களாக நின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று!

எண்ணிப் பாருங்கள்! லாபிரின் கைத்திறன் கொண்ட ஒருவன் அன்று நாடற்றோர் குடும்பத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடியுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவன் எந்தக் கொடியைத் தாங்கிப் பம்பாய் செல்வான்? திறமைக்கு முன்னே சட்டம் கதவை அடைத்திருக்கும்.

ஸ்னூக்கரின் வரலாறே மலைகளோடு பிணைந்தது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலப் படையதிகாரி தொடக்கிய விளையாட்டு அது. பின்னர் நீலகிரியிலே, உதகமண்டலக் கழகத்தின் சுவரிலேதான் அதன் விதிகள் தொங்கவிடப்பட்டன. அதே நீலகிரிக்குத்தான், உடன்படிக்கையின் பேரால் நம் உறவினரில் ஒரு பகுதியினர் கப்பலேறிச் சென்றனர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் கொழுந்து கிள்ளினர். இங்கே நுவரெலியாவில் 1876இல் துரைமார் நிறுவிய ஹில் கழகம் இன்றும் நிற்கிறது. அதன் பில்லியர்ட்ஸ் அறையும் நிற்கிறது. இரு மலைகளிலும் தேயிலை நம்முடையது, மேசை அவர்களுடையது.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். சுற்றி நின்று கோலோச்ச ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். வெள்ளையர் கட்டிய லயக் காம்பராவோ 10 அடிக்கு 12 அடி. அதில் அடுப்பும் படுக்கையும், தாயும் தகப்பனும் பிள்ளைகளும்! பந்துகள் உருளத் தந்த இடத்தைக்கூட மனிதர் வாழத் தரவில்லை. இதைவிட ஒரு குற்றப்பத்திரிகை வேண்டுமா?

“கூலி உயர்வுக்குப் போராடும் மக்களுக்குக் கோலாட்டம் ஒரு கேடா?” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு என் மறுமொழி இது: எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளர் இயக்கம், எட்டு மணி நேரத்தை ஓய்வுக்கும் எட்டு மணி நேரத்தைத் தன் விருப்பத்துக்கும் கேட்டது. உழைக்கவும் உறங்கவும் மட்டும் உரிமையுள்ளவன் மாடு, மனிதன் அல்லன். கூலிக்கான போராட்டம் முதன்மையானது. ஆனால் முதன்மையானது ஒன்றே முழுமையானது ஆகிவிடாது.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று வேண்டுமா? கண்டியிலே மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010இல் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். அவருக்கு நல்ல பள்ளியும் மைதானமும் தந்தையின் தொழிற்சாலை வருவாயும் துணை நின்றன. 2025 நவம்பரில் தோகாவிலே சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். தமிழ்க் கைக்கும் பெண் கைக்கும் இவ்விளையாட்டு அந்நியமன்று. அந்நியமாக நிற்பது கதவு ஒன்றே!

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. நல்லது. ஆயினும் குடியுரிமை என்பது அடையாள அட்டையோடு முடிவதன்று. பொதுப் பணத்தில் எழும் நூலகத்திலும் மைதானத்திலும் மண்டபத்திலும் சமபங்கு கேட்பதும் அதுவே. ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில், கட்டணமின்றித் தோட்டப் பிள்ளைகள் பயிலும் பொது விளையாட்டு மண்டபங்கள் அமைய வேண்டும். அவற்றில் இம்மேசையும் இடம்பெற வேண்டும். தோட்டக் கழகங்கள் வாரத்தில் ஒரு நாளாவது தம் மேசையைப் பாடசாலை மாணவருக்குத் திறக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் இதனையும் சேர்க்க வேண்டும்.

அந்த இளைஞன் இப்போது கொழும்பிலே ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவன் உலக வாகையர் ஆகியிருப்பான் என்று நான் வாதாடவில்லை; அதற்குச் சான்று என்னிடம் இல்லை. ஆகியிருக்க மாட்டான் என்பதற்கும் எவரிடமும் சான்று இல்லை. ஏனெனில், அவனை எவரும் ஆடவிட்டுப் பார்க்கவே இல்லை. விசாரணை இன்றியே தீர்ப்பு எழுதப்பட்ட வழக்கு அது. அந்த வழக்கை மீண்டும் எடுப்போம். இம்முறை மக்கள் மன்றத்திலே!