சுவிட்சை அணைத்தால் மட்டும் போதுமா?

பழுதான விளக்குச் சுவிட்சை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம், "சுவிட்சை அணைத்தபின் அதில் கரண்ட் ஏது? மெயின் வரைக்கும் போவானேன்?" என்று கேட்போர் நம்மிடையே அநேகர். படித்தவர்களும் இந்த அபிப்பிராயத்தைச் சித்தாந்தம்போலச் சொல்லிவருவதாலும், இதில் பிராணாபாயம் அடங்கியிருப்பதாலும், இதைத் தீர விசாரிப்பது அவசியமாகிறது.

அணைந்தது விளக்கேயன்றிச் சுவிட்சு அன்று. அதன் பின்புறத்தில் உள்ள இரண்டு பித்தளை முனைகளில் ஒன்றில் ஃபேஸ் கம்பியும், மற்றொன்றில் விளக்குக்குச் செல்லும் கம்பியும் முடுக்கப்பட்டிருக்கும். அணைக்கும்போது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுபடுகிறதே தவிர, ஃபேஸ் முனையில் 230 வோல்ட் முன்போலவே நிற்கிறது. போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அந்த ஒரே ஃபேஸ் துண்டுக் கம்பிகள் வழியாகச் சுவிட்சுக்குச் சுவிட்சு 'லூப்' செய்யப்பட்டிருப்பது புலப்படும். ஆகவே திருப்புளி சற்றே வழுக்கினாலும் பக்கத்து முனையில் பட்டு விபரீதம் நேரலாம். நியூட்ரலைச் சுவிட்சு வழியாகக் கொண்டுபோன தவறான ஒயரிங்கிலோ, விளக்கு அணைந்தபின்னும் ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டேயிருக்கும்.

"ஃபியூஸோ எம்.சி.பி.யோ காப்பாற்றும்" என்பது அடுத்த வாதம். அவை கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கு ஏற்பட்டவை. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6,000 மில்லியாம்பியர் வரை சும்மா இருக்கும். மனித இருதயத்தை நிறுத்த அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மிகச் சிலாக்கியமானதுதான், எனினும் ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தவரின் உடலை அது மற்றொரு விளக்கென்றே எண்ணிவிடும். ரப்பர்ச் செருப்பும் அந்நிலையில் உதவாது.

டெஸ்டர் எரியாததையே பிரமாணமாகக் கொள்வோரும் உண்டு. அதனுள் இருக்கும் சிறு நியான் விளக்கு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், பழுதாகியும் இருக்கலாம்; கரண்ட் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தாலொழிய அதன் சாட்சியம் செல்லாது. மெயினை நிறுத்தியவரும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அந்த நொடியிலேயே அது விழித்துக்கொண்டு விளக்குகளுக்கு 230 வோல்ட் அனுப்புவதை மறக்கலாகாது. அதையும் அணைத்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, இக்காரியத்தை ஒயர்மேனைத் தவிர வேறொருவரும் தொடலாகாது என்பாரும் உளர். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே, லைசென்ஸ் பெற்றவர் மட்டும் செய்யவேண்டிய வேலைகளிலிருந்து சுவிட்சு, ஃபியூஸ், விளக்கு ஆகியவற்றை மாற்றுவதற்கு விலக்கு அளித்திருந்தன. ஆனால் பழைய சுவிட்சின் முனை கருகியிருந்தால், தளர்ந்த திருகினால் பொறி பறந்திருக்கிறது என்று அறிந்து, கருகிய கம்பியை வெட்டி, புதிதாகச் சீவி, இழைகளில் ஒன்றும் வெளியே நீளாமல் முறுக்கி, இறுக முடுக்கியபின் இழுத்தும் பார்க்க வேண்டும். சுவருக்குள்ளேயே கம்பி கருகியிருந்தால் அது ஒயர்மேனின் வேலை.

ஆகவே, மெயினை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள், ஃபியூஸ் கட்டை உள்ள வீடானால் அதைப் பிடுங்கி, வேலை முடியும்வரை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.