வெறும் கண்கட்டிதானே!

போன மாதம் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய இடது கண் இமை முன்போல் இல்லை. அறுவை செய்து சரிக்கட்டிய இமை, கண்ணை மூடினால் முழுதாக மூடவில்லை. "வெறும் கண்கட்டிதானேன்னு ஒரு வருஷம் விட்டுட்டேம்பா" என்றார். வீடு திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்கட்டி நமக்கெல்லாம் புதிதில்லை. சின்ன வயதில் வந்தால் அம்மா நாமக்கட்டியை இழைத்துப் பூசுவார். இல்லாவிட்டால் ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து, அந்தச் சூட்டை இமையில் வைப்பார். "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் இதற்கு 'ஓர்ஜெலே' என்று பெயர். 'ஓர்ஜ்' என்றால் பார்லி. பார்லி மணி போல இமை ஓரத்தில் வீங்குவதால் அப்படிச் சொல்கிறார்கள். புதுச்சேரிப் பையன்கள் பார்லி வயலை எங்கே கண்டோம்? காய்ச்சலில் குடித்த பார்லித் தண்ணீரை நினைத்துப் புரிந்துகொண்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கே ஒன்று வந்தது. வலி இல்லை, சிவப்பும் இல்லை. மேல் இமைக்குள் மிளகளவு உருண்டை. கண் மருத்துவர் என் பேத்தி வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, இது கண்கட்டி இல்லை, இமைநீர்க்கட்டி. கண்கட்டி கிருமியால் வரும், வலிக்கும், சில நாளில் பழுத்து உடையும். இது எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது."

நம் ஒவ்வொரு இமைக்குள்ளும் இருபது முப்பது எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய்தான். 1666-இல் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் அவற்றை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அவற்றை அழைக்கிறார்கள். ஒரு சுரப்பியின் வாய் அடைத்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கும், சுற்றியுள்ள சதை வீங்கி உருண்டையாகும். மருத்துவர்கள் இதைக் 'கலேசியான்' என்கிறார்கள். ஆலங்கட்டி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

வைத்தியம் எளிதுதான். சுத்தமான துணியை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். ஆற ஆற மறுபடி நனைக்க வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிறகு விரலால் இமை முடி இருக்கும் ஓரத்தை நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். பிதுக்கவே கூடாது. அம்மா விரல் சூடு வைத்ததில் நியாயம் இருந்திருக்கிறது, சூடுதான் போதாது! நாமக்கட்டியும் தாய்ப்பாலும் வேண்டாம். மருந்துக் கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறக்கூடும்.

எனக்கு ஆறு வாரத்தில் கரைந்தது. கரையாதவர்களுக்கு ஊசி போடுவார்கள், அல்லது இமையை மரத்துப்போகச் செய்து, புரட்டி, உட்புறமாகக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். சின்ன வேலைதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியே தழும்பும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடிக்கடி கண்கட்டி வந்தால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி நண்பர் கதைக்கு வருகிறேன். அவருக்கும் இதே போல உருண்டைதான். ஓரிடத்தில் கீறி எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி கீறினார்கள். இரண்டு தடவையும் எடுத்த சதை குப்பைக் கூடைக்குப் போனது. மூன்றாவது முறை வேறு மருத்துவமனையில், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணெய்ச் சுரப்பியிலேயே தோன்றிய புற்று என்று முடிவு வந்தது. மேலைநாடுகளில் இது அரிது. நம் நாட்டில் இமையில் வரும் புற்றுகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. பெரும்பாலும் நம் வயதுக்காரர்களுக்குத்தான் வருகிறது. பார்வைக்குச் சாதாரணக் கட்டி போலவே இருந்து ஏமாற்றும். முதல் தடவையே அனுப்பியிருந்தால் இவ்வளவு இமையை இழந்திருக்க மாட்டார்.

எல்லாக் கட்டியையும் பரிசோதிக்க வேண்டுமா, வீண் செலவில்லையா என்று கேட்பீர்கள். இருபது வயதுப் பையனுக்கு முதல் தடவை வந்ததற்கு அவசியமில்லை என்று மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களுக்கு அப்படி இல்லை. அதே இடத்தில் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தாலோ, இமை தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்தே இருந்தாலோ பரிசோதனை கட்டாயம் என்பதே என் கருத்து. அந்தச் செலவு மறு அறுவைச் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ஒரே கோப்பு அதே ஆட்சேபணையோடு மூன்றாம் முறை திரும்பி வந்தால், மேல் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டோம். அடித்தாள் வரை புரட்டிப் பார்ப்போம். நம் உடம்புக்கு அந்த மரியாதையாவது தர வேண்டாமா?

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் தலைமுறை நினைக்கிறது. நண்பரும் அப்படித்தான் வாய் மூடி இருந்தார். ஒரே ஒரு கேள்வி போதும்: "டாக்டர், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புறீங்களா?" நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அனுப்பினால் முடிவுத் தாளைக் கேட்டு வாங்கி, பென்ஷன் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள்.