நன்றி என்பது பதில் அல்ல

"எனக்கு எழுதிய ஒருவருக்குக்கூட நான் பதில் போடாமல் விட்டதில்லை" என்று எழுதுகிறவர் யாராவது பெருமையடித்துக்கொண்டால், எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோன்றும். சார், எதற்குப் பதில் போட்டீர்கள்?

எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை. எதற்கு?

ஏனென்றால் அந்தப் பதில்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை இப்படித்தான் இருக்கும். "அருமை" என்று ஒருவர் எழுதியிருப்பார். மிக்க நன்றி. "படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது." உங்கள் அன்புக்கு நன்றி. "நீங்கள் இன்னும் நிறைய எழுத வேண்டும்." கண்டிப்பாக, தொடர்ந்து ஆதரவு தாருங்கள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான், "எல்லாம் சரி, மூன்றாம் பத்தியில் நீங்கள் சொன்னதும் கடைசிப் பத்தியில் சொன்னதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே, எது உங்கள் கட்சி?" என்று கேட்டிருப்பார். அவரையும் விட்டுவிட மாட்டார்கள். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி!

இதைவிட அவர் பதிலே போடாமல் இருந்திருக்கலாம். பதில் வரவில்லை என்றால் கேட்டவர் இன்னொரு முறை கேட்பார். நன்றி வந்துவிட்டால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கேட்டால் கேட்டவருக்குத்தான் மரியாதை தெரியவில்லை என்று ஆகிவிடும்.

நான் படிப்பது பி.காம். எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். இருப்பாய்வு போடும்போது பற்றும் வரவும் சமமாகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவோம். உடனே இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகிவிடும். பிழை எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தும் வரைக்கும் தற்காலிகமாகத்தான் அந்தக் கணக்கு. இந்த "கருத்துக்கு நன்றி" இருக்கிறதே, அது அசல் அனாமத்துக் கணக்கு. வந்த கடிதங்களும் போன பதில்களும் எண்ணிக்கையில் சரியாக இருக்கும். பிழை மட்டும் அடுத்த பதிப்புக்கும் அப்படியே போகும்.

அடுத்த பதிப்பு என்று சும்மா சொல்லவில்லை. முதல் வருடத்தில் எங்கள் கையில் ஒரு கணக்கியல் புத்தகம் இருந்தது. பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டாம். (ஆள் நல்லவர்தான், புத்தகமும் பெரும்பாலும் நல்ல புத்தகம்தான்.) அதில் கூட்டாண்மைக் கணக்கு ஒன்று. கூட்டாளி ஒவ்வொரு மாத இறுதியிலும் 2,000 ரூபாய் எடுக்கிறார், எடுப்புகள் மீதான வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், எவ்வளவு? மாத இறுதியில் எடுத்தால் முதல் மாதப் பணத்துக்கு 11 மாத வட்டி, கடைசி மாதப் பணத்துக்கு ஒன்றுமே இல்லை, சராசரி 5.5 மாதம். 24,000 ரூபாய்க்கு 1,100 வர வேண்டும். புத்தகத்தில் மாதத் தொடக்கத்தில் எடுத்தது போல 6.5 மாதம் போட்டு 1,300 என்று இருந்தது. 200 ரூபாய் வித்தியாசம்.

ஆசிரியருக்கு மெயில் போட்டேன். மேலே புத்தகத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, கீழே கணக்கு. இரண்டே நாளில் பதில். "தங்கள் பாராட்டு எனக்கு ஊக்கமளிக்கிறது. நண்பர்களுக்கும் நூலைப் பரிந்துரையுங்கள்." 1,300 பற்றி ஒரு எழுத்து இல்லை. இந்த வருடம் புது அட்டை, கூடுதல் விலையுடன் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. போன மாதம் முதல் வருடப் பையன் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, மாசக் கடைசியில எடுத்தா எப்படிண்ணா ஆறரை மாசம் வரும்?" என்று கேட்கிறான். அவன் கேட்டான். கேட்காமல் மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பரீட்சையில் 1,300 எழுதுகிறவர்கள் எத்தனை பேரோ. அந்த மார்க்கை யார் திருப்பித் தருவது?

இந்த இடத்தில் சிலர் ஒரு சமாதானம் சொல்வார்கள். "மௌனம் சம்மதம்ப்பா. மறுத்து எழுதவில்லை என்றால் ஏற்றுக்கொண்டார் என்றுதான் அர்த்தம்." அப்படியா? வணிகச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பழைய வழக்கு வைத்திருக்கிறார்கள். 1862, இங்கிலாந்து, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. பால் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தன் உடன்பிறந்தவர் மகனின் குதிரையை வாங்க ஆசைப்பட்டு, உன்னிடமிருந்து மறுபேச்சு வராவிட்டால் 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன் என்று கடிதம் போட்டார். பையன் பதிலே போடவில்லை. ஆனால் மனதுக்குள் சம்மதம்தான். ஏலக்காரர் பிண்ட்லியிடம் அந்தக் குதிரையை மட்டும் விற்காதீர்கள் என்று சொல்லியும் வைத்தான். ஏலக்காரர் மறந்துபோய் விற்றுத் தொலைத்தார். என் குதிரையை எப்படி விற்கலாம் என்று பால் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் சொன்னது: பையன் மனதில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், உன்னிடம் சொல்லவில்லையே, ஒப்பந்தமே இல்லை. நம் ஊர் 1872 ஒப்பந்தச் சட்டமும் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஒரு குதிரைக்கே இந்த நியாயம் என்றால், ஆயிரம் பேர் படிக்கும் ஒரு தவறான வரிக்கு, மனதுக்குள் ஏற்றுக்கொண்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள் யார் என்று கேட்பீர்கள். காந்தியை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஹிந்த் சுவராஜ் புத்தகமே கேள்வி பதில்தான். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில், வலது கை வலித்தபோது இடது கையாலும் எழுதி, பத்தே நாளில் முடித்தது. அதில் "வாசகர்" என்று ஒருவர் வருவார். பெயர் கிடையாது. பாராட்ட வந்த ஆள் இல்லை, ஒவ்வொரு அத்தியாயத்திலும் மடக்குவதற்கென்றே வருகிறவர். "ஆசிரியர்" அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், பதில் சொல்லியாக வேண்டும். எதிர்க்கேள்வியைத் தானே உண்டாக்கி உட்கார வைத்துக்கொண்ட மனிதர்!

அது எழுத்தில் ஜோடித்த வாசகர், அவரைச் சமாளிப்பது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். நிஜ ஆளுக்கு வருவோம். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பயங்கரமான பூகம்பம். அப்போது நம் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசிவிட்டார். தாகூருக்குத் தாங்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கும் மனிதர்களின் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு விரோதம் என்று கண்டித்து எழுதினார். காந்தி என்ன செய்தார்? தாகூரின் கண்டனத்தைத் தன் சொந்த ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார். கூடவே தன் பதிலையும் போட்டார். என்னைக் கேட்டால் அந்த விவாதத்தில் தாகூர் பக்கம்தான் நியாயம். காந்தியின் பதிலைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் எனக்கு எரிச்சல் வருவதற்கே அங்கே ஒரு பதில் இருக்கிறது, பாருங்கள். "குருதேவரின் கருத்துக்கு நன்றி" என்று போட்டிருந்தால் இன்றைக்கு நான் யார் பக்கம் நிற்பது என்று எப்படி முடிவு செய்வேன்?

இதற்கு அடுத்த படி அம்பேத்கர். 1936இல் லாகூர் கூட்டத்துக்காக அவர் தயாரித்த உரையை, அழைத்தவர்களே பயந்து கூட்டத்தை ரத்து செய்துவிட, சாதியை ஒழித்தல் என்று சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். காந்தி அதை விமர்சித்து ஹரிஜனில் எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் காந்தியின் விமர்சனத்தைத் தன் புத்தகத்துக்குள்ளேயே சேர்த்து, அதற்குப் பிறகு தன் பதிலை வைத்தார். புதுப் பதிப்பு என்றால் இது. அட்டையை மாற்றி விலையை ஏற்றுவது இல்லை.

டார்வினையும் சொல்லாமல் இருக்க முடியாது. உயிரினங்களின் தோற்றம் 1859இல் வந்தது. ஆறாம் பதிப்பு 1872இல். நடுவில் மைவார்ட் என்ற உயிரியலாளர், பாதி வளர்ந்த உறுப்பால் ஒரு பிராணிக்கு என்ன பயன், அது எப்படித் தேர்வாகும் என்று கிடுக்கிப்பிடி போட்டுப் புத்தகமே எழுதினார். அந்த ஆறாம் பதிப்பில் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே டார்வின் புதிதாக ஒரு அத்தியாயம் சேர்த்தார். அவர் தன் வரலாற்றில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். தன் முடிவுக்கு எதிரான தகவல் ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நிமிடமே குறித்து வைத்துவிடுவாராம். ஏனென்றால் சாதகமானது ஞாபகத்தில் தங்கிவிடும், பாதகமானதுதான் சீக்கிரம் நழுவிப் போகும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டாராம். இத்தனைக்கும் அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்றைக்குக் கிடைத்திருக்கும் கடிதங்கள் சுமார் 15,000. நேரமில்லை என்று சொல்ல அவருக்கு இல்லாத உரிமையா?

நேரமில்லை என்பது அடுத்த சாக்கு. இதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். நிஜமாகவே இருநூறு கடிதம் வந்தால் யாரால் முடியும்? ஆனால் சரக்கு மேலாண்மையில் ஏ.பி.சி. பகுப்பாய்வு என்று ஒன்று படிக்கிறோம். கிடங்கில் எண்ணிக்கையில் கொஞ்சமாகவும் மதிப்பில் அதிகமாகவும் இருப்பது ஏ, எண்ணிக்கையில் நிறையவும் மதிப்பில் அற்பமாகவும் இருப்பது சி. ஏ சரக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். ஆணியையும் வாஷரையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. இருநூறில் நூற்றித் தொண்ணூறு பேர் பாராட்டுகிறார்களா? எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நன்றி போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அவர்கள் படித்தது உங்கள் எழுத்தை இல்லை. மிச்சமிருக்கும் பத்துப் பேருக்கு உட்கார்ந்து எழுதுங்கள். நம் ஆட்கள் செய்வது தலைகீழ். நூற்றித் தொண்ணூறு நன்றி எழுதிக் களைத்துப்போய், பத்துக் கேள்விக்கு நேரமில்லை என்கிறார்கள்.

வசை பாடுகிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் சாதி என்ன, உங்கள் அப்பா யார், உங்கள் மூஞ்சி எப்படி என்று எழுதுகிறவனுக்கு எதற்குப் பதில்? குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. உங்களைப் பற்றிச் சொல்கிறானா, நீங்கள் எழுதியதைப் பற்றிச் சொல்கிறானா என்று பார்த்தால் போதும். ஆனால் இந்த வசவுக்காரர்களைக் காட்டியே எதிர்க்கேள்வி கேட்பவர்களையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். "எனக்கு வேண்டாதவர்கள்" என்று ஒரே முத்திரை. மரியாதையாகக் கேட்டவனும் அதே கூடையில்!

அப்படியானால் அன்பாக நாலு வரி எழுதுவதே தப்பா, வல்லிக்கண்ணன் எழுதவில்லையா என்று இலக்கியம் படிக்கும் நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். எழுதினார்தான். அறிமுகமே இல்லாத இளம் எழுத்தாளர்களுக்கெல்லாம் தபால் அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தவர் என்று அவரை இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் தம்பி, அவர் தன்னைப் பாராட்டியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அடுத்தவன் எழுதியதைப் படித்துவிட்டு அவனுக்கு எழுதினார். அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு வாசிப்பு இருந்தது. "கருத்துக்கு நன்றி" எழுத, வந்த கடிதத்தைப் படிக்கவே தேவையில்லை.

எழுதுகிறவர்களைச் சொல்லியாயிற்று. கேள்வி கேட்கிற கட்சிக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கேள்வியைப் பாராட்டில் சுற்றி அனுப்பாதீர்கள். வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள். பாராட்ட வேண்டுமானால் அதற்குத் தனியாக இன்னொரு நாள் எழுதலாம். நானும் அந்த ஆசிரியருக்குப் புதுப் பதிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி மெயில் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மொத்தமே இரண்டு வரி. எடுப்புகள் மீதான வட்டிக் கணக்கில், மாத இறுதியில் எடுத்த பணத்துக்கு ஏன் 6.5 மாதம்? 5.5 என்றால் 1,100, புத்தகத்தில் 1,300, எது சரி?

மூன்று வாரம் ஆகிறது. இதுவரை ஒன்றும் வரவில்லை. இந்த முறை நன்றியும் வரவில்லை என்பதால், படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

பி.கு.: "நல்ல கட்டுரை" என்று மட்டும் சொல்ல வருகிறவர்கள் அனைவருக்கும் மொத்தமாக இப்போதே என் நன்றி. 1,300தான் சரி என்று வாதாட யாராவது இருந்தால் வாருங்கள், பேனாவும் பேப்பருமாகக் காத்திருக்கிறேன்.