சத்தம் கூடினா தரம் கூடுமா?

பழைய ரொக் அல்பம் திரும்ப சீடியா வரும்போது அட்டையில ‘ரீமாஸ்டர்’ என்று பெருசா போட்டிருப்பாங்க. கேட்டால் முதலில் தெரிவது சத்தம் கூடியிருப்பதுதான். அது தரம் இல்லை. சீடியில் பதியும் ஒலிக்கு ஒரு உச்ச அளவு உண்டு. அதைத் தாண்ட முடியாததால் ட்ரம் அடியை நசுக்கி, மெல்லிய ஓசையைத் தூக்கி, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாறாங்க. கொஞ்ச நேரத்திலயே காது களைச்சிடும். 1973-ல் வந்த ‘ரோ பவர்’ அல்பத்தை 1997-ல் இக்கி பொப்பே திரும்ப மிக்ஸ் செய்தார். அது இரைச்சலுக்கே பேர்போனது. 2010-ல் டேவிட் போவியின் பழைய மிக்ஸை மறுபடி வெளியிட்டாங்க.

அடுத்தது அட்டை. 12 அங்குல இசைத்தட்டு உறையை 12 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிடும். ஆனாலும் அங்கே யார் வாசிச்சாங்க என்று தேடினால் பேராவது கிடைக்கும்.

நம்ம ஈழத்துப் பொப் பாட்டுகளுக்கு அதுவும் இல்லை. தெருவோரத் தொகுப்பு சீடிகளில் பாட்டின் பேர் மட்டும்தான். ‘சின்ன மாமியே’ நித்தி கனகரத்தினத்தின் பாட்டு. அதை ஏ. ஈ. மனோகரனுடையது என்று சொல்றவங்க இன்னும் இருக்காங்க. கிட்டார் வாசிச்சவர், ட்ரம் அடிச்சவர் பேரை யார் கேட்கிறாங்க?

இந்தப் பாட்டுகளை யாராவது ஒழுங்கா மறுவெளியீடு செய்தால், பளபளப்பான பெட்டி வேண்டாம். நல்ல மூலப் பதிவைத் தேடி எடுங்க, அதை நசுக்காதீங்க, உள்ளே நாலு பக்கத்தில் எல்லார் பேரையும் போடுங்க. வாசிச்சவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் அது நடக்கும்.